மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும் கார்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நேரம் வண்டி துள்ளிக் கிளம்பும். இன்னொரு நேரம் இரண்டு விநாடி தயங்கிவிட்டுத்தான் நகரும். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டப் போகும் அந்த நொடியில் இழுவையே செத்துப்போகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் தெரியாது. "பம்ப்பா இருக்கும், மாத்திப் பார்க்கலாம்" என்பார்கள். பம்ப் மாறும், பிளக் மாறும், காயில் மாறும், ஆக்ஸிஜன் சென்சாரும் மாறும். கோளாறு மட்டும் மாறாது.

விட்டுவிட்டு வரும் பிக்கப் கோளாறில் கெட்ட உதிரிப் பொருளைத் தேடுவதற்கு முன் வேளையைத் தேட வேண்டும். எப்போது வருகிறது, அந்த நேரத்தில் என்னென்ன நடந்துகொண்டிருந்தன என்பது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொருளை மாற்றிப் பார்ப்பதைச் சோதனை என்று நினைப்பதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. புதிய பம்ப் போட்ட அன்று வண்டி நன்றாக ஓடினால் அதற்கு அர்த்தமே கிடையாது. தானாக வந்து தானாகப் போகும் கோளாறு அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம்.

முதலில் ஒரு வாரம் எழுதுங்கள்

டேஷ்போர்டில் ஒரு சிறு நோட்டு, அல்லது போனில் குரல் பதிவு. ஒவ்வொரு முறை திணறும்போதும் இவற்றைக் குறியுங்கள்: இன்ஜின் சூடா குளிரா, என்ன கியர், என்ன வேகம், ஆர்பிஎம் எவ்வளவு, ஏசி ஓடுகிறதா, டேங்கில் எவ்வளவு இருந்தது, மழையா, மேடா, வளைவா, சற்று முன் பெட்ரோல் போட்டீர்களா.

இந்தக் குறிப்புகள் நேராக ஒரு திசையைக் காட்டும். கால் டேங்குக்குக் கீழே மட்டும் வருகிறது, அதுவும் வளைவிலும் மேட்டிலும் என்றால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அல்லது அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறது. டேங்க் வழிய நிரப்பிய உடனே பத்து நிமிடம் திணறிவிட்டுச் சரியாகிறது என்றால் டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டரையும், அந்த ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வையும் பார்க்க வேண்டும். பங்கில் நாசில் கட் ஆனபிறகும் "ரவுண்டா போடுங்க" என்று அழுத்தி நிரப்பும் பழக்கம் அந்தக் கேனிஸ்டரை நனைத்துக் கெடுக்கும். மழையிலும் பனி விழும் அதிகாலையிலும் வந்தால் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிளக், கப்ளர் (வயர்களை இணைக்கும் முனை). வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, குறிப்பாக டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது வந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை அளப்பது), காயில், பம்ப் ரிலே (பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்). முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடியபின் வந்து, டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் டேங்கின் காற்றோட்ட வழி அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

வண்டி எப்படித் திணறுகிறது என்பதும் முக்கியம். பின்னாலிருந்து யாரோ தட்டியதுபோல வெட்டிவெட்டிக் குலுங்கினால் அது பெரும்பாலும் ஸ்பார்க் விடுபடுவது. கயிறு கட்டிப் பின்னால் இழுப்பதுபோல மெதுவாக இழுவை குறைந்தால் எரிபொருள் போதவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை. சுவிட்ச் போட்டதுபோல ஒரே வெட்டாக இழுவை போய், மிதித்தும் ஆர்பிஎம் ஏறாமல் நின்றால் ஈசியூவே (இன்ஜினை நடத்தும் கணினி) த்ராட்டிலை, அதாவது இன்ஜினுக்குக் காற்று விடும் கதவை, மூடியிருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் கிராங்க் சென்சார் மேல்தான் முதல் சந்தேகம். முள் இன்ஜினோடு சேர்ந்து நிதானமாக இறங்கினால் எரிபொருள் பக்கம் போகலாம்.

இன்ஜினைக் குற்றம் சொல்லும் முன்

கிளட்ச் வழுக்குவதையும் பிக்கப் குறைவு என்றுதான் சொல்வார்கள். சமதளத்தில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி ஸ்பீடோமீட்டர் முள் பின்தங்கினால் கிளட்ச். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, பிரேக் அதிகம் போடாமல் நிறுத்தி, நான்கு வீல் டிஸ்க்குகளின் அருகில் கையை வைத்துப் பாருங்கள் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக்கைப் பிடிக்கும் கேலிப்பர் சிக்கியிருக்கிறது. ஃப்ளோர் மேட் ஆக்சிலரேட்டருக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்ட கார்களில் பெடல் கடைசிவரை போவதில்லை.

மலையேற்றத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் உயரத்தில் சக்தி இழப்பது இயற்கை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுதான், சென்னையில் 101. அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான காற்று இன்ஜினுக்குக் கிடைப்பதே இல்லை. மேட்டுப்பாளையத்தில் மூன்றாவது கியரில் போன வண்டி குன்னூர் தாண்டி இரண்டாவது கேட்டால் அது நோயல்ல.

கீயை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறதா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தனி இடம் கொடுக்க வேண்டும். ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தவுடன் பிக்கப் முழுதாகத் திரும்பிவிட்டால், பொருள் ஏதும் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஏதோ ஒரு சிக்னல் நம்பத்தகுந்ததாக இல்லை என்று ஈசியூ முடிவெடுத்து, பாதுகாப்புக்காக இன்ஜினைக் கட்டிப்போட்டிருக்கிறது. இதை லிம்ப் மோட் என்பார்கள். பல வண்டிகளில் ஆர்பிஎம் 2,500 அல்லது 3,000-ஐத் தாண்டாது. ஈசியூ அப்படிச் செய்தால் காரணத்தை ஏறக்குறைய எப்போதும் ஒரு கோடாக (code, பிழைக் குறியீடு) பதிந்து வைத்திருக்கும். செக் லைட் அணைந்திருந்தாலும் கோடு உள்ளே இருக்கும். கீ ஆஃப் செய்தும் மாறாமல், இன்ஜின் ஆறியபிறகே சரியாகிறது என்றால் சூட்டில் கெடும் பொருளைத் தேட வேண்டும். காயில், கிராங்க் சென்சார், பம்ப், ரிலே எல்லாம் அந்த வகை.

அதனால் ஒரு வேண்டுகோள். கோளாறு வந்ததும் பேட்டரி முனையைக் கழற்றி மாட்டாதீர்கள். அதில் கோடும், கோடு விழுந்த நொடியின் பதிவும் சேர்ந்தே அழியும். கையில் இருந்த ஒரே சாட்சியை நாமே அனுப்பிவைத்ததாகிவிடும்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஓபிடி-2, அதாவது கோளாறைக் கார் தானே கண்டு பதியும் ஏற்பாடு, கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 வகை புளூடூத் ஸ்கேனரும் ஒரு செயலியும் போதும். பெரிய பட்டறை ஸ்கேனர் இல்லாமலேயே பாதித் தூரம் போகலாம்.

கோடைப் படிக்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். உறுதியான கோடு, நிலுவையில் உள்ள கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம். நிலுவைக் கோடு என்பது ஒருமுறை நடந்து, மறுமுறை நடக்கிறதா என்று ஈசியூ காத்திருப்பது. செக் லைட் எரியாது. விட்டுவிட்டு வரும் கோளாறுகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது கோடு விழுந்த கணத்தில் இருந்த வேகம், ஆர்பிஎம், வெப்பம், லோடு (இன்ஜின் மேலிருந்த சுமை) ஆகியவற்றின் படம். உங்கள் நோட்டுக் குறிப்போடு இதை வைத்து ஒப்பிடுங்கள்.

கோடு ஒரு பொருளின் பெயரைச் சொல்வதில்லை, ஒரு சர்க்யூட்டில் என்ன கண்டது என்பதைச் சொல்கிறது. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டு சொன்ன தூதன். அதைக் கழற்றிப் புதிது போட்டால் புதிய தூதனும் அதே சேதியைத்தான் கொண்டுவருவான். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் விடுபடுகிறது. காயில், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என நான்கில் எதுவும் காரணமாகலாம்.

மலிவு ஸ்கேனரின் குறையும் தெரிந்திருக்க வேண்டும். பல அளவுகளை ஒன்றாகத் திறந்தால் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஓரிரு முறைதான் புதுப்பிக்கப்படும். விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் வயர் விட்டுப்போனால் அதில் தெரியவே தெரியாது. மூன்று நான்கு அளவுகளை மட்டும் தேர்ந்து, பதிவு போட்டு, ஓட்டுபவர் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் திரையைப் பார்க்கட்டும். ஓட்டிக்கொண்டே திரை பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

பெடலில் தொடங்குங்கள்

இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டர் கேபிள் கிடையாது. கால் சொல்வதை ஒரு சென்சார் மின்னழுத்தமாக மாற்றி ஈசியூவிடம் தருகிறது. ஈசியூ த்ராட்டில் மோட்டாரைத் திருப்புகிறது. இந்த சிக்னல் தவறினால் உயிருக்கு ஆபத்து என்பதால் பெடலில் இரண்டு தடங்கள் இருக்கும். பல கார்களில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு காட்டும்: காலை எடுத்தால் 0.75 வோல்ட்டும் 0.37 வோல்ட்டும், முழுதாக மிதித்தால் நான்கு வோல்ட்டை ஒட்டியும் இரண்டு வோல்ட்டை ஒட்டியும். இரண்டும் ஒத்துப்போகாத கணத்தில் பி2138 விழும், த்ராட்டில் கட்டுப்படும். த்ராட்டில் பாடியிலும் இதேபோல இரண்டு தடங்கள். சில வண்டிகளில் ஒன்று ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஐந்து வோல்ட் அளவு வரும். அங்கே முரண்பட்டால் பி2135.

சோதனை எளிது. கீ ஆன், இன்ஜின் ஆஃப். ஸ்கேனரில் பெடலின் இரண்டு தடங்களையும் வரைபடமாக வையுங்கள். பத்து விநாடி எடுத்துக்கொண்டு மிக மெதுவாக மிதித்து, அதேபோல மெதுவாக விடுங்கள். வரைபடம் வழவழவென்று ஏறி இறங்க வேண்டும். உரசி வேலை செய்யும் பழைய வகை சென்சாரில் நாம் அதிகம் வைத்து ஓட்டும் கால்வாசிப் பெடலில்தான் தடம் தேயும்; சரியாக அந்த இடத்தில் வரைபடம் தடுமாறும். ஸ்கேனரில் தெரியாவிட்டால் குறைந்தபட்சம்-அதிகபட்சம் பிடித்துவைக்கும் வசதியுள்ள மல்ட்டிமீட்டரைச் சிக்னல் வயரில் இணைத்து, பெடலைப் பாதியில் நிறுத்தி, கப்ளரிலிருந்து மேலே போகும் வயரை அசைத்துப் பாருங்கள். அளவு துள்ளினால் பெடல் நல்லது, வயர்தான் கெட்டது. கப்ளருக்குள் பின் தளர்ந்திருப்பது பெடல் சென்சாரே கெடுவதற்குச் சளைக்காத காரணம்.

இங்கே பலர் தவறவிடுவது பிரேக் சுவிட்ச். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக மிதிபட்டதாகத் தெரிந்தால் பிரேக்குக்கே முதலிடம் கொடுத்து த்ராட்டிலை மூடும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. சுவிட்ச் இடம் விலகியிருந்தால், குலுங்கும் ரோட்டில் பிரேக் தொட்டதாகப் பொய்ச் சேதி போகும். பின்னால் ஒருவரை நிறுத்தி, பிரேக் பெடலை மிதிக்காமல் பக்கவாட்டில் மட்டும் தட்டிப் பாருங்கள். பிரேக் லைட் மினுங்கினால் கண்டுபிடித்தாயிற்று.

த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் ஐடிலிலிருந்து (பெடலை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை) கிளம்பும் முதல் மிதியில் மட்டும் தயக்கம் இருக்கும். சுத்தம் செய்யலாம், ஆனால் கீ ஆன் நிலையில் விரலால் பட்டாம்பூச்சித் தகட்டைத் தள்ளாதீர்கள், மோட்டார் பல் உடையலாம். பேட்டரியைக் கழற்றி (அதற்கு முன் கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டு), துணியில் த்ராட்டில் க்ளீனர் அடித்துத் துடையுங்கள். மாட்டியபின் ஐடில் கற்றலை, அதாவது த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்குப் பழக்குவதை, செய்ய வேண்டும். முறை காருக்குக் கார் வேறு.

ஃப்யூயல் ட்ரிம் என்னும் கணக்குப் புத்தகம்

பெட்ரோல் காரில் ஒரே ஓர் அளவை மட்டும் பார்க்கலாம் என்றால் நீண்டகால ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள். ஈசியூ தன் கணக்குப்படி ஊற்றும் பெட்ரோலுக்கு மேல் எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது என்பதுதான் இது. குறுகிய காலத்தையும் நீண்ட காலத்தையும் கூட்டி, பிளஸ் மைனஸ் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. எத்தனால் குறைந்த பெட்ரோலுக்கென்று அளவிடப்பட்ட பழைய கார் இப்போதைய இ20-யில் (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஓடும்போது இயல்பாகவே சில சதவீதம் பிளஸ் காட்டும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகவும் அளவு அதிகமாகவும் வேண்டும் என்பதே காரணம். இதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ட்ரிம்மை ஓர் இடத்தில் மட்டும் பார்த்துப் பயனில்லை. சூடான இன்ஜினில் மூன்று இடங்களில் எழுதுங்கள்: ஐடிலில், நின்றபடி 2,500 ஆர்பிஎம்மில், நான்காவது கியரில் மேடேறும்போது.

ஐடிலில் பிளஸ் 20, 2,500-இல் பிளஸ் 4 என்றால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஆகியவற்றைப் பாருங்கள். ஆனால் இந்தக் கணக்கு காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் சரி. நம் ஊரில் ஓடும் பல சிறிய பெட்ரோல் கார்களில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் இருக்கும். அதில் காற்று எங்கிருந்து நுழைந்தாலும் மேனிஃபோல்ட் அழுத்தம் உயரும், ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டும். ட்ரிம் ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும், ஐடில் மட்டும் உயர்ந்து நிற்கும். இது தெரியாமல் ட்ரிம் நன்றாக இருக்கிறது என்று லீக்கைத் தேடாமல் விடுபவர்கள் பலர்.

ஐடிலில் சரியாக இருந்து லோடில் பிளஸ் 20-ஐத் தாண்டினால் இரண்டு காரணம்தான்: பெட்ரோல் போதவில்லை, அல்லது மாஃப் சென்சார் அழுக்காகி உள்ளே வரும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. பிரிப்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. முழுதாக மிதித்து ஆர்பிஎம் உச்சத்துக்குப் போகும்போது மாஃப் காட்டும் கிராம்/விநாடி, குதிரைசக்தியை 0.8-ஆல் பெருக்கினால் வரும் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். 90 குதிரைசக்தி இன்ஜினுக்கு 70-ஐ ஒட்டி. 45 மட்டுமே வந்தால் சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள், அதற்கென்றே உள்ள க்ளீனரால் மட்டும். உள்ளே இருக்கும் கம்பி முடியைவிட மெல்லியது. பஞ்சோ விரலோ பட்டால் போயிற்று. 70 வந்தும் ட்ரிம் ஏறினால் எரிபொருள் பக்கம் திரும்பலாம்.

மேப் சென்சாரைச் சோதிப்பது இன்னும் சுலபம். கீ ஆன், இன்ஜின் ஆஃப்: சென்னையில் 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும்; கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரமுள்ள கோயம்புத்தூரில் 96, 97. சூடான ஐடிலில் ஏசி இல்லாமல் 30 முதல் 40. கீ ஆன் அளவே தப்பாக இருந்தால் மேற்கொண்டு எதையும் நம்ப முடியாது.

முழுதாக மிதிக்கும்போது ஈசியூ ட்ரிம்மை விட்டுவிட்டுத் தன் கணக்கில் ஊற்றும். அப்போது முன் ஆக்ஸிஜன் சென்சாரைப் பாருங்கள். சாதாரண ஒரு வோல்ட் வகை என்றால் 0.8 முதல் 0.9 வரை நிலையாக நிற்க வேண்டும். இழுவை சாகும் அதே நொடியில் 0.1-க்கு விழுந்தால் பெட்ரோல் பட்டினி. 0.9-இலேயே நின்றபடி இழுவை செத்தால் பெட்ரோல் இருக்கிறது. காற்றையும் புகை வழியையும் பாருங்கள்.

பம்ப்பை மாற்றும் முன் வோல்ட் பாருங்கள்

சாதாரண மல்ட்டிபாயிண்ட் பெட்ரோல் இன்ஜினில் ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயின் அழுத்தம், பொதுவாக 3 முதல் 4 பார் (அழுத்த அலகு). சரியான எண்ணைக் கார் கையேட்டில் பாருங்கள். நின்ற இடத்தில் அளந்தால் பாதிச் சேதிதான் கிடைக்கும். கேஜை நீண்ட ஹோஸோடு இணைத்து, பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து, கண்ணாடியில் டேப் ஒட்டி, கோளாறு வரும் அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திணறும்போது முள் இறங்குகிறதா என்பதே கேள்வி. இணைக்கும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். நேரடி இன்ஜெக்ஷன் வண்டியில் உயர் அழுத்தப் பக்கத்தைத் தொடவே கூடாது, அங்கே ஸ்கேனர் காட்டும் அழுத்தமே போதும்.

அழுத்தம் இறங்கினாலும் உடனே பம்ப் வாங்காதீர்கள். ஓடும் இன்ஜினில் பம்ப் கப்ளரில், கப்ளர் மாட்டியபடியே, வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, பம்ப்பில் 11.5 என்றால் நல்ல பம்ப்பும் பலவீனமாகத்தான் சுற்றும். குறை ரிலேயில், கருகிய கப்ளர் பின்னில், அல்லது எர்த்தில் இருக்கிறது. ரிலேயை அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயோடு, உதாரணமாக ஹாரன் ரிலேயோடு, இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். வோல்ட் சரியாக இருந்தும் அழுத்தம் இறங்கினால் டேங்குக்குள் உள்ள வடிகட்டியும் பம்ப்பும்தான்.

தண்ணீர் சந்தேகம் இருந்தால் 100 மில்லி பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு தண்ணீரைத் தனக்குள் தாங்கும். அந்த அளவைத் தாண்டிய உடனே எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடுக்கைத்தான்.

ஸ்பார்க்

காயிலை மாற்றிப் பார்க்கக் காசு தேவையில்லை. பி0301 வந்தால் முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றுங்கள். அடுத்த முறை பி0303 வந்தால் காயில்தான். கோடு நகரவில்லை என்றால் பிளக்கை மாற்றிப் போடுங்கள், அதன்பின் இன்ஜெக்டர். கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடிழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டிலும் அதே இடத்தில் தடம் இருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிளக் கேப் பெரிதானால் ஐடிலில் ஒன்றும் தெரியாது, லோடில்தான் விடுபடும். அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவது கடினம் என்பதால் அப்படி. நான்காவது கியர், குறைந்த ஆர்பிஎம், முழு மிதி: ஸ்பார்க் பலவீனத்தை வெளியே இழுக்கும் சரியான சோதனை இது.

எர்த்தும் எலியும்

வயரிங்கில் தேடும்போது மூன்று இடங்களை முதலில் பாருங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த், பேட்டரி தட்டின் விளிம்பில் உரசும் வயர்க் கட்டு, இன்ஜின் ஆடும்போது இழுபடும் வளைவுகள். எர்த்தைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்ல முடியாது. மல்ட்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் உலோகத்தில். ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் மோசம். ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் ஒரே ஓர் இழை மிச்சமுள்ள வயரும் நல்லதாகத்தான் காட்டும். சுமை ஏற்றி அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

எலி கடித்த வயர் முழுதாக அறுந்தால் அதிர்ஷ்டம், உடனே தெரிந்துவிடும். தோல் மட்டும் கிழிந்து இழைகள் தெரியும்போதுதான் மழை பெய்தால் ஒன்று, வெயில் அடித்தால் ஒன்று என்று வண்டி ஆளைச் சுற்றவைக்கும். டேப் சுற்றி விடாதீர்கள். வெட்டி, சால்டர் வைத்து அல்லது முறையாகக் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வெறும் டேப்புக்குள் ஈரம் நுழைந்தால் செம்பு பச்சை பூத்து, ஆறு மாதத்தில் அதே கோளாறு வேறு வேளையில் வரும்.

சைலன்சர் பக்கம்

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்தால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். உள்ளே தேன்கூடு உடைந்து துண்டுகள் நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு நாள் அடைக்கும், மறுநாள் வழிவிடும். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தக் கேஜை மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். 0.2 பாருக்கு மேல் போனால் அடைப்பு. ஸ்பார்க் விடுபடுவதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டியதால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து கன்வெர்ட்டரை உருக்கியிருக்கும். காயிலைச் சரிசெய்யாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் உருகும்.

டீசல் என்றால்

காமன் ரெயில் டீசலில் இரண்டு ஜோடி அளவுகளைத் திறந்து வையுங்கள்: ஈசியூ கேட்கும் ரெயில் அழுத்தமும் கிடைக்கும் ரெயில் அழுத்தமும், கேட்கும் பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) கிடைக்கும் பூஸ்ட்டும். எந்த ஜோடி பிரிகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும்.

ரெயிலில் 1,200 பார் கேட்டு 800 கிடைத்தால் பி0087 வரும். பம்ப் விலை பெரிது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் டீசல் ஃபில்டர், அதன் தண்ணீர் வடிகால். அடுத்து ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே தெரியும் ஒரு குழாயைப் பொருத்தி, குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மாற்றும்போது ஓ-ரிங் சரியாக உட்காராமல் காற்று இழுப்பது அடிக்கடி நடக்கிறது. காலையில் நீண்ட ஸ்டார்ட்டிங், லோடில் திணறல் என இரண்டும் சேர்ந்து வரும். அதற்கும் அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு ஒரே அளவு பாட்டிலில் விட்டு, மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு நிறைந்தால் அழுத்தம் அந்த வழியாகத் தப்புகிறது. ஓடும் இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கே செய்யக் கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும்; விரலையே எடுக்க வேண்டிவரும்.

பூஸ்ட் பிரிந்தால் ஹோஸில் தொடங்குங்கள். இன்டர்கூலர் ஹோஸின் கீழ்ப்பக்கத்தில், கிளாம்ப்பை ஒட்டி வரும் விரிசல் அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும், கையால் தடவினால் தெரியாது. புதிதாக எண்ணெய் கசிந்த தடம் அதன் அடையாளம். டர்போ வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபியட்டிலிருந்து வந்து பல கம்பெனிக் கார்களில் ஓடிய 1.3 மல்ட்டிஜெட் இன்ஜினே 75 குதிரைசக்தி வடிவத்தில் நிலையான டர்போவுடனும், 90 குதிரைசக்தி வடிவத்தில் இறக்கை மாறும் டர்போவுடனும் வந்தது. இரண்டாவதில் இறக்கைகள் கரியில் சிக்கினால், நெடுஞ்சாலையில் பூஸ்ட் கேட்டதைவிட அதிகமாகி, பி0234 விழுந்து, லிம்ப் மோடுக்குப் போகும். வேக்குவம் வகை என்றால் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆக்சுவேட்டர் கம்பி வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். பாதியில் நின்று நின்று போனால் சிக்கல். சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்கள் சூட்டில் வெடிப்பது டர்போ கெடுவதைவிட அதிகம். சில நூறு ரூபாய்க் குழாய்க்காக டர்போவையே கழற்றிய வண்டிகள் உண்டு.

டர்போ வேலைக்கு வராத கீழ் ஆர்பிஎம்மில் கறுப்புப் புகையும் தயக்கமும் சேர்ந்தால் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கரி அளவையும் சேர்த்துப் பாருங்கள். நகரத்துக்குள்ளேயே ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓடும் வண்டியில் ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பது, பாதியில் அறுந்துகொண்டே இருக்கும்.

சரியானதை எப்படி உறுதி செய்வது

பழுதைக் கண்டு மாற்றியபின் கோடுகளை அழித்தால் நீண்டகால ட்ரிம்மும் பூஜ்யத்துக்குப் போகும். உடனே பார்த்தால் எல்லாமே அழகாகத் தெரியும். அது எழுதப்படாத ஏடு. சில நாள், நகரமும் நெடுஞ்சாலையுமாகக் குறைந்தது 100 கிலோமீட்டர் ஓடவிட்டு, அதே மூன்று இடங்களில் ட்ரிம்மை மறுபடி எழுதுங்கள். ஸ்கேனரில் சுயசோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் காட்டியபின் நிலுவைக் கோடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பழைய நோட்டை எடுத்து, கோளாறு அதிகம் வந்த அதே மேட்டில், அதே கியரில், அதே அளவு பெட்ரோலோடு, ஏசியும் அப்படியே ஓட, காலை முழுதாக அழுத்தி ஐந்து முறை ஏறிப் பாருங்கள்.